தேடும் கருவியின் கிடங்கைப் பேணும் முறை

ஊராட்சி அலுவலகத்திற்குக் குடியானவர் ஒருவர் வருகிறார். தம் நிலத்திற்கு நீர் வரும் கால்வாய் இருபது ஆண்டுகளுக்கு முன்பு தூர் வாரப்பட்டபோது அதன் அகலம் எவ்வளவு என்று எழுதப்பட்டது என்பதே அவர் கேள்வி. விடை அலுவலகத்தில்தான் இருக்கிறது. தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரியாகவோ, அளவுப் புத்தகத்தில் ஒரு பக்கமாகவோ, கணினியில் ஏற்றப்பட்ட கணக்கில் ஓர் எண்ணாகவோ அது கிடக்கிறது. ஆயினும் அதனைக் கண்டெடுக்க இயலவில்லை எனில், அவ்விடை இருந்தும் இல்லாததே ஆகும். கால்வாயை ஒடுக்கியவர் மீது தொடுத்த வழக்கில் அக்குடியானவர் தோற்க நேரிடும். அதற்குக் காரணம் அவர் பக்கம் நியாயம் இல்லாமை அன்று. ஒரு தாள் அகப்படாமையே.

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இக்குறையை உணர்ந்தே எழுதப்பட்டிருக்கிறது. மனுவிற்கு 30 நாட்களுக்குள் விடை தருதல் வேண்டும் என்று கூறுவதோடு அச்சட்டம் நிற்கவில்லை. ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தன் ஆவணங்களை முறையாகப் பட்டியலிட்டு, அட்டவணைப்படுத்தி வைத்தல் வேண்டும் என்று அதன் 4ஆம் பிரிவு விதிக்கிறது. ஆகவே, ஆவணத்தைப் பத்திரமாக வைத்திருத்தல் பாதிக் கடமை; கேட்டபோது கிடைக்குமாறு வைத்திருத்தல் மீதிக் கடமை.

இன்று ஊராட்சிகளின் கணக்குகள் மெல்ல மெல்லத் தாளிலிருந்து கணினிக்கு மாறி வருகின்றன. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள், தேசிய ஊராட்சி நாளன்று, ‘இ-கிராம் சுவராஜ்’ என்னும் இணையத்தளம் தொடங்கப்பெற்றது. கணினிக்கு மாறியதனால் மட்டுமே ஆவணம் அகப்பட்டுவிடும் என்று எண்ணுதல் தவறு. கட்டுக் கட்டாக அடுக்கிய தாள்களில் தொலைவது போலவே கணினியிலும் ஆவணம் தொலையும். அங்கே கரையான் அரிக்காது என்பது ஒன்றே வேற்றுமை.

இதற்கென ஏற்பட்டவையே தேடல் தளங்கள் எனப்படும் கருவிகள். அவற்றுள் கோப்புகளை ஏற்றுவதும், தரவுத்தளங்களோடு பேசும் ‘டிரைவர்’களை ஏற்றுவதும், வேண்டாதபோது நீக்குவதும் எவ்வாறு நடைபெறுகின்றன என்பதை இப்பாடத்தில் காண்போம். இவ்வேலையை ஊராட்சி உறுப்பினர் தம் கையால் செய்யப் போவதில்லை என்பது உண்மையே. பாலம் கட்டும் கொத்தனாரும் நாம் அல்லோம். ஆயினும் அளவுப் புத்தகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கிறோம் அல்லவா? அவ்வாறே இங்கும் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. அவற்றைக் கேட்கத் தெரிந்திருத்தல் நம் கடமையாகும்.

தேடல் தளம் என்பது யாது?

பெரிய புத்தகங்களின் இறுதியில் சொல்லடைவு ஒன்று இருப்பதைப் பார்த்திருப்போம். ‘மதகு’ என்னும் சொல் எந்தெந்தப் பக்கங்களில் வருகிறது என்று அது காட்டும். புத்தகம் முழுவதையும் புரட்டாமல் வேண்டிய பக்கத்தைத் திறக்கலாம். தேடல் தளமும் இதையே செய்கிறது. ஆயிரக்கணக்கான ஆவணங்களைப் படித்து, ஒவ்வொரு சொல்லும் எந்த ஆவணத்தில் உள்ளது என்று முன்னதாகவே அடைவு எழுதி வைத்துக்கொள்கிறது. கேள்வி வரும்போது ஆவணங்களைத் தேடுவதில்லை; அடைவையே தேடுகிறது. ஆதலின் நொடிப்பொழுதில் விடை கிடைக்கிறது.

இவ்வகைக் கருவிகளுள் பல, ‘லூசீன்’ என்னும் நிரலை அடிப்படையாகக் கொண்டவை. இதனை 1999ஆம் ஆண்டு டக் கட்டிங் என்பவர் உலகிற்கு வழங்கினார். அதன் மேல் ‘சோலார்’ என்னும் தேடல் நிரலை 2004ஆம் ஆண்டு யோனிக் சீலி என்பவர் ஆக்கினார். 2006இல் அது அப்பாச்சி அறக்கட்டளைக்கு அளிக்கப்பட்டு யாவர்க்கும் பொதுவாயிற்று. சூரிய ஒளி மின்சாரத்தைக் குறிக்கும் சொல்லை ஒத்து ஒலித்தாலும் இது வேறு. சோலாரை உள்ளே வைத்து, அதனைச் சுற்றி வேறு பல வசதிகளை அமைத்து, லூசிட்வொர்க்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் 2014இல் வெளியிட்டதே ‘பியூஷன்’ என்னும் தேடல் தளம்.

நம் ஊராட்சிகளின் கணக்கு பியூஷனில் இருப்பதாக எவரும் கொள்ள வேண்டா. பாடத்திற்கு அதனை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் ஒன்றுண்டு. கோப்புகளையும் டிரைவர்களையும் பேணும் வேலை அதில் ஒரே கிடங்கில், ஒரே வாயில் வழியாக நடைபெறுகிறது. இம்முறையைப் புரிந்துகொண்டவர் வேறு எத்தளத்தைக் கண்டாலும் திகைக்க மாட்டார்.

கிடங்கில் உள்ள பொருள்கள்

வெல்லம் காய்ச்சுவதற்குக் கரும்புச் சாறு மட்டும் போதாது. கொப்பரை வேண்டும், துடுப்பு வேண்டும், சிறிது சுண்ணாம்பும் வேண்டும். தேடல் தளமும் அத்தகையதே. தேடப்படும் ஆவணங்கள் சாற்றைப் போன்றவை. அவற்றைப் பக்குவப்படுத்துவதற்கு வேறு சில துணைப் பொருள்கள் தேவைப்படுகின்றன. அவற்றை வைத்திருக்கும் இடத்தையே நாம் கிடங்கு என்கிறோம். பியூஷனில் அதற்குப் ‘பிளாப் ஸ்டோர்’ என்று பெயர். உள்ளே என்ன இருக்கிறது என்று ஆராயாமல், தந்தது தந்தபடியே காக்கப்படும் கோப்பு எதுவோ அதுவே பிளாப் எனப்படுகிறது.

இக்கிடங்கில் சேர்பவற்றுள் முதன்மையானவை நான்கு. முதலாவது, ஊர்ப் பெயர், ஆட்பெயர் முதலியன வரிக்கு ஒன்றாக எழுதப்பட்ட சொற்பட்டியல். இரண்டாவது, ஒரு மொழியின் வாக்கியத்தைப் பிரித்தறிவதற்கான மொழி மாதிரி. மூன்றாவது, வெவ்வேறு இடங்களிலிருந்து ஆவணங்களைக் கொண்டுவரும் இணைப்பு நிரல். நான்காவது, தரவுத்தளத்தோடு பேசும் டிரைவர்.

கிடங்கில் வைக்கப்படும் ஒவ்வொரு பொருளோடும் ஒரு சீட்டு இணைந்திருக்கும். அதில் பொருளின் பெயர், அதன் வகை, அளவு, கடைசியாக மாற்றப்பட்ட நேரம் ஆகியவை காணப்படும். மேலும், அதன் ‘கைரேகை’யும் உண்டு. கோப்பு முழுவதையும் ஒரு கணக்கிற்கு உட்படுத்திப் பெறப்படும் 32 குறிகளே இக்கைரேகை. 1991ஆம் ஆண்டு ரொனால்டு ரிவெஸ்ட் வகுத்த ‘எம்.டி.5’ என்னும் முறை இது. கோப்பில் ஓர் எழுத்துப் பிசகினாலும் கைரேகை முற்றிலும் மாறிவிடும். ஆதலின் நாம் அனுப்பியதும் கிடங்கில் சேர்ந்ததும் ஒன்றுதானா என்று இதனால் சரிபார்க்கலாம். ஆயினும், வேண்டுமென்றே செய்யப்படும் மோசடியைக் கண்டுபிடிக்க இது போதாது. இரு வேறு கோப்புகளுக்கு ஒரே எம்.டி.5 கைரேகை அமையச் செய்யலாம் என்பது 2004ஆம் ஆண்டிலேயே காட்டப்பட்டுவிட்டது. அத்தேவைக்கு 64 குறிகள் கொண்ட ‘எஸ்.ஹெச்.ஏ.-256’ முறையைக் கையாளுதல் வேண்டும்.

சீட்டில் எழுதப்படும் வகை மிக இன்றியமையாதது. விதை நெல்லும் சாப்பாட்டு நெல்லும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். மூட்டையின் மேல் எழுதிய குறியே அவற்றை வேறுபடுத்துகிறது. டிரைவரை ஏற்றுபவர் அதனை டிரைவர் என்றே வகை குறித்து ஏற்றுதல் வேண்டும். குறி தவறினால், பொருள் கிடங்கில் இருந்தும் வேண்டியபோது அது டிரைவராகத் தென்படாது.

ஏ.பி.ஐ. என்னும் சன்னல்

கிடங்கிற்குள் எவரும் நேரே புகுவதில்லை. வெளியே ஒரு சன்னல் இருக்கிறது. அங்கே வகுக்கப்பட்ட முறையில் வேண்டுகோள் விடுத்தால், வகுக்கப்பட்ட முறையில் மறுமொழி வரும். ஒரு நிரல் மற்றொரு நிரலிடம் வேலை வாங்குவதற்கான இச்சன்னலையே ‘ஏ.பி.ஐ.’ என்று சுருக்கமாக அழைக்கின்றனர். இணைய நெறியின் சில வினைச்சொற்களைக் கொண்டே எல்லா வேலைகளையும் செய்துவிடலாம் என்னும் அமைப்பு முறையை ராய் பீல்டிங் என்பவர் 2000ஆம் ஆண்டு தம் ஆராய்ச்சி நூலில் வகுத்துக் காட்டினார். பியூஷனின் சன்னலும் அம்முறையைத் தழுவியதே.

அவ்வினைகள் வருமாறு:

1. இடுதல். ‘புட்’ என்னும் வினையால் கோப்பு ஒரு பெயரிட்டு ஏற்றப்படுகிறது.

2. காணுதல். ‘கெட்’ என்னும் வினையால் கிடங்கில் உள்ள அனைத்தின் பட்டியலையும் பெறலாம். ஒரு கோப்பை மட்டும் திரும்பப் பெறலாம். கோப்பைத் தொடாமல் அதன் சீட்டை மட்டும் பார்க்கலாம்.

3. நீக்குதல். ‘டிலீட்’ என்னும் வினையால் கோப்பு அகற்றப்படுகிறது.

சன்னலில் வரும் மறுமொழி மூன்று இலக்க எண்ணோடு தொடங்கும். 200 எனில் வேலை முடிந்தது என்று பொருள், 201 எனில் புதிதாக ஒன்று உண்டாக்கப்பட்டது, 401 எனில் ‘நீர் யார் என்பது தெரியவில்லை’, 403 எனில் ‘நீர் யார் என்பது தெரியும், ஆயினும் இதற்கு உமக்கு உரிமை இல்லை’, 404 எனில் ‘அப்பெயரில் இங்கு எதுவும் இல்லை’, 500 எனில் தளத்தின் உள்ளேயே கோளாறு. இந்த ஆறு எண்களை அறிந்திருந்தால், ‘கணினி வேலை செய்யவில்லை’ என்ற பொத்தாம் பொதுவான விடையோடு நாம் திரும்பி வர வேண்டியதில்லை. எந்த எண் வந்தது என்று கேட்கலாம்.

திரையில் பொத்தானை அழுத்தியும் கோப்பை ஏற்றலாமே, சன்னல் எதற்கு என்று சிலர் வினவலாம். பொத்தானை அழுத்தியவர் எதை, எவ்வரிசையில் அழுத்தினார் என்பது அவர் நினைவில் மட்டுமே இருக்கும். அவர் மாறுதலாகிப் போனால் அந்நினைவும் போகும். சன்னல் வழியாகச் செய்யும் வேலை எழுதப்பட்ட கட்டளையாக இருக்கிறது. அதனைச் சோதனைக் கணினியில் ஒரு முறை இயக்கிப் பார்த்து, பிறகு அதே கட்டளையை மெய்யான கணினியில் இயக்கலாம். அடுத்து வருபவரும் அதனைப் படித்தறியலாம்.

இடுதலில் இரு பிழைகள் அடிக்கடி நேர்கின்றன. முதலாவது, பழைய பெயரிலேயே புதிய கோப்பை ஏற்றுதல். ‘புட்’ வினையின் இயல்பு, அப்பெயரில் இருந்ததை அகற்றிப் புதியதை வைப்பதாகும். சன்னலில் இருப்பவர் ‘பழையதை எடுத்துவிடலாமா?’ என்று கேட்டு நிற்பதில்லை. ஆதலின் பெயரோடு பதிப்பு எண்ணையோ நாளையோ சேர்த்து எழுதுதல் நலம்.

இரண்டாவது பிழை நுட்பமானது. வேண்டுகோள்களை அனுப்புவதற்கு ‘கர்ல்’ என்னும் கருவி 1998ஆம் ஆண்டு முதல் எங்கும் வழங்கி வருகிறது. அதில் ‘டேட்டா’ என்னும் குறிப்போடு கோப்பை அனுப்பினால், அது வரி முடிவுகளை நீக்கிவிட்டு அனுப்பும். ‘டேட்டா-பைனரி’ என்னும் குறிப்போடு அனுப்பினால் மட்டுமே உள்ளது உள்ளபடி சேரும். வரிக்கு ஒன்றாக 300 ஊர்ப் பெயர்கள் எழுதிய பட்டியல், முதல் முறையில் அனுப்பப்பட்டால், எல்லாப் பெயர்களும் ஒட்டிக்கொண்ட ஒரே நீண்ட வரியாகிவிடும். மறுமொழி 200 என்றே வரும். பிழை எதுவும் அறிவிக்கப்படாது. ஆனால் ஓர் ஊரும் அகப்படாது. அதனாலேயே, இட்டபின் காணுதல் வேண்டும் என்கிறோம். ஏற்றிய கோப்பைத் திரும்பப் பெற்று, அளவையும் கைரேகையையும் ஒப்பிட்டுப் பார்க்காதவரை வேலை முடிந்ததாகக் கருதக் கூடாது.

பட்டியல் ஒன்றில் விடுபட்ட சொல்

சாதாரணச் சொற்பட்டியலில் என்ன பெரிய தீங்கு நேர்ந்துவிடும் என்று எண்ண வேண்டா. ஒரு மாவட்டத்தின் தீர்மானங்கள் அனைத்தும் ஒரு தேடல் தளத்தில் ஏற்றப்படுவதாக வைத்துக்கொள்வோம். நீர்நிலைகளைப் பற்றிய தீர்மானங்களுக்கெல்லாம் ‘நீர்நிலை’ என்று தனிக்குறி இட வேண்டும். அதற்கு ஒரு பட்டியல் எழுதிக் கிடங்கில் வைக்கின்றனர். ஆவணம் உள்ளே வரும்போது, பட்டியலில் உள்ள சொல் அதில் இருக்கிறதா என்று தளம் பார்த்துக் குறியிடும்.

பட்டியலை எழுதியவர் வட மாவட்டத்தவர் எனில் ‘ஏரி’ என்று எழுதுவார். இராமநாதபுரம், சிவகங்கைச் சீமையில் அதையே ‘கண்மாய்’ என்கின்றனர். திருநெல்வேலிப் பக்கத்தில் ‘குளம்’ என்கின்றனர். ‘ஏந்தல்’ என்றும் ‘தாங்கல்’ என்றும் ‘ஊருணி’ என்றும் வழங்குவனவும் உண்டு. இவற்றுள் ஒன்று பட்டியலில் விடுபட்டால், அச்சொல்லால் எழுதப்பட்ட தீர்மானங்கள் எல்லாம் குறி பெறாமல் போகும். நாளை ஒருவர் நீர்நிலைகளின் பட்டியலைக் கேட்கும்போது அந்த ஏந்தல் அதில் இராது. பட்டியலில் இல்லாத நீர்நிலையை ஆக்கிரமிப்பவருக்கு அதைவிட வேறு வசதி என்ன வேண்டும்?

சொல் இருந்தால் மட்டும் போதாது. அதன் வடிவங்களையும் நோக்குதல் வேண்டும். தமிழில் ‘ஏரி’ என்பது ‘ஏரியின்’ என்றும், ‘ஏரிக்கு’ என்றும், ‘ஏரிக்கரை’ என்றும் உருமாறும். சொல்லை அப்படியே ஒப்பிடும் கருவி இவற்றை வெவ்வேறு சொற்களாகவே கொள்ளும். ஆகையால் வேற்றுமை உருபேற்ற வடிவங்களையும் பட்டியலில் சேர்த்தல் வேண்டும், அல்லது சொல்லின் அடியைப் பிரித்தறியும் கருவியை முன்னால் அமைத்தல் வேண்டும்.

எழுத்துக் குறியீட்டையும் மறத்தல் ஆகாது. தமிழக அரசு 2010ஆம் ஆண்டு யூனிகோடு முறையைத் தரமாக ஏற்றது. அதற்கு முன்பு பல அலுவலகங்களில் வெவ்வேறு எழுத்துருக்களுக்கென அமைந்த தனித்தனிக் குறியீடுகளில் தட்டச்சு செய்து வைத்தனர். அவை அந்தந்த எழுத்துருவில் பார்க்கும்போது மட்டுமே தமிழாகத் தெரியும். தேடல் தளத்திற்கு அவை பொருளற்ற குறிகளே. பட்டியலும் ஆவணமும் யூனிகோடில் இருத்தல் வேண்டும். பழையவற்றை மாற்றிய பிறகே ஏற்றுதல் வேண்டும்.

இன்னும் ஒன்று. குறியிடும் வேலை ஆவணம் உள்ளே வரும்போது நடைபெறுகிறது. ஆகவே பட்டியலைத் திருத்திக் கிடங்கில் வைத்த உடனே பழைய ஆவணங்கள் தாமாகக் குறி பெற்றுவிடா. அவற்றை மீண்டும் ஒரு முறை தளத்தின் வழியே செலுத்துதல் வேண்டும். ‘பட்டியலைத் திருத்திவிட்டோம்’ என்று கூறுவாரிடம், ‘மறு அடைவு செய்தீர்களா?’ என்று கேட்பது நம் பொறுப்பு.

டிரைவர் என்னும் துபாஷி

இனி டிரைவரைப் பற்றிக் காண்போம். வீட்டு வரி, குடிநீர் இணைப்பு முதலிய கணக்குகள் பெரும்பாலும் தரவுத்தளம் எனப்படும் கட்டங்கட்டமான ஏட்டில் இருக்கும். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், ஆரக்கிள் எனத் தரவுத்தளங்கள் பல வகைப்படும். ஒவ்வொன்றும் தனக்கென ஒரு பேச்சு முறையை உடையது. தேடல் தளமோ ஜாவா மொழியில் எழுதப்பட்டது. இவ்விரண்டிற்கும் இடையே நின்று, இதன் கேள்வியை அதற்கும் அதன் விடையை இதற்கும் மொழிபெயர்ப்பதே டிரைவரின் வேலை. வண்டி ஓட்டுபவரை நினைவூட்டும் பெயராயினும், முற்காலத்துத் துபாஷியையே இது ஒத்திருக்கிறது.

ஜாவா நிரல்கள் எந்தத் தரவுத்தளத்தோடும் ஒரே முறையில் பேசுவதற்கு ‘ஜே.டி.பி.சி.’ என்னும் பொது நெறியைச் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1997ஆம் ஆண்டு வெளியிட்டது. அந்நெறிப்படி, ஒவ்வொரு தரவுத்தளத்திற்கும் ஒரு டிரைவர் எழுதப்படுகிறது. அது ‘ஜார்’ என்னும் ஒரே கோப்பாகக் கட்டப்பட்டிருக்கும். தரவுத்தளமும் அதன் பதிப்பும் இடத்திற்கு இடம் மாறுவதாலும், டிரைவரின் உரிமை அதனை ஆக்கியவரிடம் இருப்பதாலும், எல்லா டிரைவர்களும் தளத்தோடு சேர்ந்தே வருவதில்லை. வேண்டியதை நாமே பெற்றுக் கிடங்கில் ஏற்றுதல் வேண்டும்.

ஏற்றிய பின்பு இணைப்பை அமைப்பதற்கு நான்கு செய்திகள் வேண்டும். டிரைவரின் உட்பெயர், தரவுத்தளம் இருக்கும் முகவரி, நுழைவதற்கான பெயரும் கடவுச்சொல்லும், எவ்வரிசைகளை எடுக்க வேண்டும் என்னும் வினவல் ஆகியவையே அவை. முகவரியில் வாயில் எண்ணும் அடங்கும். வழக்கமாகப் போஸ்ட்கிரெஸுக்கு 5432, மைஎஸ்கியூஎலுக்கு 3306, ஆரக்கிளுக்கு 1521. வினவலால் கிடைக்கும் ஒவ்வொரு வரிசையும் ஓர் ஆவணமாகி அடைவில் சேர்கிறது. அதனால் ஒவ்வொரு வரிசைக்கும் மற்றொன்றோடு மயங்காத தனி எண் இருத்தல் வேண்டும். இல்லையேல் ஒருவரது வரிக் கணக்கின் மேல் மற்றொருவரது கணக்கு ஏறி, முன்னது மறைந்துவிடும்.

உட்பெயர் சிறிது மாறினாலும் இணைப்பு கெடும். மைஎஸ்கியூஎலின் டிரைவர் 8.0ஆம் பதிப்பிற்கு வந்தபோது அதன் உட்பெயரின் நடுவே ‘சி.ஜே.’ என்னும் இரண்டு எழுத்துகள் சேர்க்கப்பட்டன. அப்பதிப்பு பழைய பெயரையும் எச்சரிக்கையோடு ஏற்றுக்கொள்கிறது. ஆனால் புதிய பெயரை எழுதிவிட்டுப் பழைய பதிப்பின் கோப்பைக் கிடங்கில் வைத்திருந்தால், அப்பெயர் கொண்டது எதுவும் உள்ளே இல்லையென்று தளம் நின்றுவிடும். ஆகவே பெயரும் பதிப்பும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று முதலில் பார்த்தல் வேண்டும்.

துபாஷியால் நேரக்கூடிய தீங்கு

சொற்பட்டியலுக்கும் டிரைவருக்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. பட்டியல் கிடக்கும் பொருள். டிரைவர் இயங்கும் பொருள். பட்டியலில் பிழை இருந்தால் தேடல் கெடும். டிரைவரில் தீங்கு இருந்தால், அது தளத்தின் உள்ளே அமர்ந்து, தளத்திற்குள்ள எல்லா உரிமைகளோடும் வேலை செய்யும். புதுச்சேரியில் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1736 முதல் 1761 வரையுள்ள செய்திகளைக் கொண்டது. இரு பக்கப் பேச்சையும் கேட்கும் இடத்தில் இருப்பவர் எவ்வளவு அறிவார் என்பதற்கு அது சான்று. டிரைவரும் அத்தகைய இடத்தில்தான் இருக்கிறது. யார் என்று தெரியாத ஒருவரை அவ்விடத்தில் அமர்த்தலாமா?

இது வீண் அச்சம் அன்று. சோலாரில் தரவுத்தளங்களிலிருந்து வரிசைகளைக் கொண்டுவரும் பகுதி ஒன்று இருந்தது. அதற்கான அமைப்பு முழுவதையும் வேண்டுகோளோடு சேர்த்தே அனுப்பலாம் என்று வசதி செய்திருந்தனர். அவ்வமைப்பில் இயங்கும் கட்டளைகளையும் எழுதலாம் என்பதால், சன்னலை அணுகக் கூடிய அயலாரும் உள்ளே தம் கட்டளைகளை இயக்க வழி ஏற்பட்டது. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டில் இக்குறை அறிவிக்கப்பட்டது. 8.2ஆம் பதிப்பு முதல், பொறுப்பாளர் தாமே திறந்துவிட்டாலன்றி அவ்வழி அடைபட்டே இருக்குமாறு செய்தனர். 9ஆம் பதிப்பில் அப்பகுதியே சோலாரிலிருந்து எடுக்கப்பட்டது.

நம்பத்தக்க இடத்திலிருந்து பெற்ற டிரைவரிலும் பின்னாளில் குறை வெளிப்படலாம். 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் போஸ்ட்கிரெஸின் ஜே.டி.பி.சி. டிரைவரில் ஒரு கடுமையான குறை அறிவிக்கப்பட்டது. வழக்கமான அமைப்பில் இயங்கியவர்களுக்கு அதனால் தீங்கில்லை. ‘எளிய வினவல் முறை’யைத் தாமே தேர்ந்தவர்களுக்குத் தீங்கு உண்டு. 42.7.2 முதலிய பதிப்புகளில் அது திருத்தப்பட்டது. அச்செய்தி வந்த நாளில், தம் கிடங்கில் இருப்பது எந்தப் பதிப்பு என்று எழுதி வைத்திருந்தவர் உடனே மாற்றியிருப்பார். எழுதி வைக்காதவர் தமக்கு ஆபத்து உண்டா இல்லையா என்பதையே அறிந்திருக்க மாட்டார்.

ஆகவே பின்வரும் காவல்களைக் கொள்ளுதல் வேண்டும்:

1. டிரைவரை அதனை ஆக்கியவரது இடத்திலிருந்தே பெறுதல் வேண்டும். அங்கே வெளியிடப்பட்டுள்ள கைரேகையோடு ஒப்பிட வேண்டும்.

2. இடுவதற்கும் நீக்குவதற்கும் உரிமை ஒருவர் அல்லது இருவர்க்கே இருத்தல் வேண்டும். பிறர்க்குக் காணும் உரிமை போதும். எவர் எந்த வினையைச் செய்யலாம் என்று பிரித்து அமைக்கப் பியூஷன் போன்ற தளங்களில் வழி உண்டு.

3. தரவுத்தளத்தில் நுழையும் பெயருக்குப் படிக்கும் உரிமை மட்டுமே தருதல் வேண்டும். அடைவு எழுத வந்தவருக்குக் கணக்கைத் திருத்தும் அதிகாரம் எதற்கு?

4. சன்னல் பூட்டிய வழியில், அதாவது மறையாக்கம் செய்த இணைப்பில் மட்டுமே திறந்திருத்தல் வேண்டும். கடவுச்சொல்லைக் கிடங்கில் வைக்கும் கோப்புகளிலோ கட்டளைத் தாளிலோ எழுதக் கூடாது.

நீக்குதலின் ஒழுங்கு

பயனற்ற பொருளைக் கிடங்கில் வைத்திருத்தல் தீங்கு. பயன்படும் பொருளை அவசரப்பட்டு அகற்றுதலும் தீங்கு. பழைய டிரைவரை நீக்குமுன் அதனை எந்தெந்த இணைப்புகள் பயன்படுத்துகின்றன என்று காணுதல் வேண்டும். பிறகு புதியதை வேறு பெயரில் ஏற்றி, ஓர் இணைப்பை மட்டும் அதற்கு மாற்றி, கிடைத்த வரிசைகளின் எண்ணிக்கை முன்போலவே இருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். சரியாயின் மற்றவற்றையும் மாற்றலாம். எல்லாம் மாறிய பிறகே பழையதை நீக்கலாம். ‘டிலீட்’ வினைக்குப் பிறகு திரும்பக் கேட்க வழியில்லை. எனவே நீக்குமுன் ஒரு படியை வெளியே எடுத்து வைத்தல் நலம்.

மாற்றிய பின்பு பழையதை நீக்காமல் விட்டுவிடுவதும் எங்கும் காணப்படும் வழக்கம். ‘கிடக்கட்டுமே’ என்னும் ஒரு சொல்லால், குறையுள்ள பழைய டிரைவர் ஆண்டுக்கணக்கில் உள்ளே தங்கிவிடுகிறது. மாற்றிய நாளிலேயே நீக்கும் நாளையும் குறித்துவிடுதல் வேண்டும்.

ஒரு பதிவேடு

இவ்வளவிற்கும் வேண்டியது ஒரு பதிவேடே. கிடங்கில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி. பெயர், வகை, பதிப்பு, எங்கிருந்து பெறப்பட்டது, கைரேகை, எதற்காக வைக்கப்பட்டது, வைத்தவர் யார், வைத்த நாள், நீக்கிய நாள் என்று ஒன்பது பத்திகள். மாதம் ஒரு முறை சன்னலில் ‘கெட்’ வினையால் முழுப் பட்டியலைப் பெற்று, பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். பதிவேட்டில் இல்லாத பொருள் கிடங்கில் இருந்தால், அதனை இட்டவர் யார் என்று விசாரிக்க வேண்டும். கிடங்கில் இல்லாத பொருள் பதிவேட்டில் இருந்தால், எப்போது போயிற்று என்று கேட்க வேண்டும். இருப்புச் சரிபார்த்தல் என்பது நமக்குப் புதிய வேலை அன்று.

நம் ஒன்றியத்திலோ மாவட்டத்திலோ ஆவணங்களைத் தேடும் ஏற்பாடு அமைக்கப்படும்போது, உறுப்பினர்கள் இவ்வைந்து கேள்விகளையும் கூட்டத்தில் எழுப்புவார்களாக: கிடங்கில் என்னென்ன உள்ளன? ஒவ்வொன்றையும் ஏற்றியவர் யார்? டிரைவர்களின் பதிப்பு எது? பட்டியலைத் திருத்தியபின் மறு அடைவு நடைபெற்றதா? நம் ஊரில் வழங்கும் சொற்கள் பட்டியலில் இருக்கின்றனவா?

கடைசிக் கேள்விக்கு விடை கூற வல்லவர் கணினிப் பொறியாளர் அல்லர். ஊரில் உள்ள உழவரே. தம் நீர்நிலைக்கு என்ன பெயர், தம் கால்வாய்க்கு முன்னோர் இட்ட பெயர் யாது என்பதை அவரே அறிவார். அப்பெயரைப் பட்டியலில் ஏற்றச் செய்தால், கால்வாயின் அகலத்தைக் கேட்டு வந்த குடியானவர் வெறுங்கையோடு திரும்ப மாட்டார்.